மாதாவின் கூடும் சோடா வாயுவும்

மிக் வெல்டிங் செய்கிறவனுக்கு உலகம் ஒரு குங்குமப் பொட்டளவுதான். முகமூடியைக் கீழே இறக்கியதும் கராச், றோட்டு, வெய்யில், வாசலில் நிற்கிறவரின் அவசரம் எல்லாம் அணைந்துவிடும். கறுப்புக் கண்ணாடிக்குள் சிறிது நேரம் ஒன்றுமே இருக்காது. விசையை அழுத்தினால் அந்த இருட்டின் நடுவில் ஒரு பச்சை நட்சத்திரம் பிறக்கும். அதற்குக் கீழே இரும்பு, தான் இரும்பென்பதை மறந்து, ஒரு சின்னக் குளமாகித் தளும்பும். அந்தக் குளத்தைக் கலைக்காமல் கோட்டின் வழியே மெதுவாக நடத்திக்கொண்டு போகவேண்டும். தாண்டி வந்த இடத்தில் அது உறைந்து, மீன் செதில் போல வரிவரியாகக் கிடக்கும்.

அந்தக் குளக்கரையில் இருந்து நான் நிறையக் கனவு கண்டிருக்கிறேன். கனவு காண்கிறவன் வெல்டிங் செய்யக்கூடாது என்பது என் மனைவியின் கருத்து. வெல்டிங் செய்கிறவனால் கனவு காணாமல் இருக்க ஏலாது என்பது என் கருத்து. என் இரண்டு முன்னங்கைகளிலும் உள்ள சூட்டுத் தழும்புகள் அவளுடைய பக்கம்தான் சாட்சி சொல்கின்றன.

நான் வளைகுடா நாடொன்றுக்குப் போனது வெல்டிங் செய்ய அல்ல, களஞ்சியத்தில் சாமான் பார்க்கிற வேலைக்கு. அங்கே வெல்டிங் புத்தகங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. கையில் அகப்படுகிற எதையும் வாசிக்காமல் விடமுடியாத வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதைக்கூடக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் மருந்தைக் குடிப்பேன். ஆகவே புத்தகங்களை முடித்தேன், பிறகு மெசினைத் தொட்டேன். எந்தக் கலையையும் நான் அந்த ஒழுங்கில்தான் கற்பது. நீச்சலையும் அப்படித்தான் புத்தகத்தில் கற்றேன். அதனால் இன்றுவரை நீந்தத் தெரியாது.

நீந்தத் தெரியாத நான் பெண் எடுத்த இடம் குருநகர். நாங்கள் தெல்லிப்பழைப் பக்கம், செம்மண்ணில் வெங்காயம் செய்கிற சைவக் குடும்பம். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். யாழ்ப்பாணத்தில் ஒரு தட்டெழுத்து வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மெசினில் இருந்து ஒரே பிழைகளை அடித்ததில் பழக்கமாகி, யாரையும் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்தோம். எங்கள் வீட்டில் பெரிய சத்தம் ஒன்றும் எழவில்லை. அந்த வருடம் வெங்காயத்துக்கு நல்ல விலை. கோபிக்க ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. மனைவியின் தகப்பன், என் மாமா, மட்டும் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். நிறுத்தினார் என்பதும் பிழை. அவர் தொடங்கவே இல்லை.

ஆனால் மாமா பண்பான மனிதர். எனக்குச் சொல்லவேண்டியதை எனக்கு முன்னால் நின்றே வேறு ஆருக்காவது சொல்வார். ஆள் இல்லாவிட்டால் நாய்க்குச் சொல்வார்.

"உவர் சாப்பிட்டாரோ எண்டு கேள்."

நாய் என்னைப் பார்க்கும். "ஓம், சாப்பிட்டனான் எண்டு சொல்லு" என்று நான் நாய்க்குச் சொல்வேன். நாய் திரும்பி அவரைப் பார்க்கும். நான் வெளிநாட்டில் இருந்து வந்த பிறகும் இதே ஏற்பாடுதான். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி அதற்குக் கழுத்து உளைந்திருக்கவேண்டும். பிற்பாடு மாமாவோடு நான் நிற்கக் கண்டால் எழும்பிப் போய்விடப் பழகியிருந்தது.

நான் திரும்பி வரும்போது கொண்டுவந்தது ஒரு மிக் மெசின். கொழும்பிலிருந்து லொறியில் வந்த பெட்டியைப் பிரித்தபோது மனைவி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இதென்ன தையல் மெசினோ? உள்ளுக்கை பெரிய நூல்கட்டை கிடக்கு."

"தையல் மெசின்தான். இரும்பைத் தைக்கிறது."

வேடிக்கையாகச் சொன்னேன். ஆனால் அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை. ஊரில் இருந்தது குச்சி வெல்டிங். குச்சி எரிந்து கட்டையாகிக்கொண்டே வரும். நிறுத்திப் புதுக் குச்சி மாட்டவேண்டும். ஒட்டின இடத்தின் மேல் கறுத்த பொருக்கு மூடியிருக்கும். சுத்தியலால் தட்டி உதிர்க்கவேண்டும். மிக்கில் அந்தக் கரைச்சல் இல்லை. கட்டையில் சுற்றியிருக்கிற கம்பியை ஒரு சின்ன மோட்டர் தள்ளித் தள்ளிக் குழாய் வழியாக வாய்க்கு அனுப்பும். கம்பியே எரியும், கம்பியே உருகி ஒட்டாகும். கூடவே அதே வாயால் ஒரு வாயு வந்து, உருகின குளத்துக்கு வெளிக்காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும்.

"குளிப்பாட்டின பிள்ளையைத் துவாயால சுத்திற மாதிரி" என்றாள் மனைவி. நான் வாசித்த புத்தகங்களில் ஒன்றுகூட அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

சாஸ்திரப்படி அந்த வாயு எதோடும் சேராத, ஒதுங்கிப் போகிற வாயுவாக இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்கு எங்கே போவது? சோடாக் கொம்பனியில் சோடாவுக்குள் அடிக்கிற வாயு இருந்தது. இரும்புக்கு அதுவும் காணும், போதும். அதன் சிலிண்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். கண்டிப்பான ஆட்கள் இதை மிக் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அதற்கு வேறு பெயர் உண்டு. குருநகரில் அவ்வளவு கண்டிப்பான ஆள் நான் ஒருவன்தான் என்பதால் மிக் என்ற பெயரே நிலைத்தது. கம்பி வருகிற வாயைப் புத்தகங்கள் துவக்கு, துப்பாக்கி என்றுதான் சொல்லும். இராணுவக் காவல் சென்றிகளுக்கு நடுவே சைக்கிள் ஓடித் திரிந்த அந்த நாளில், என்னிடம் ஒரு துவக்கு இருக்கிறது என்று புத்தக அறிவைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. "வாய்" என்றே சொல்லிப் பழகினேன்.

கராச் பெரியகடைப் பக்கம். மெல்லிய இரும்புக்குத்தான் மிக் நல்லது. குச்சி ஓட்டை போட்டுவிடுகிற இடத்தில் இது பதமாக ஒட்டும். உப்புக்காற்றில் அப்பளமாகிப்போன பழைய இங்கிலாந்துக் கார்களின் மட்காட், கதவின் அடித்தகடு, யன்னல் கிறில், சைக்கிள் கரியர், பேக்கரியின் பாண் தட்டு, இரண்டு சில்லு உழவு மெசினின் பெட்டி என்று வந்தது. கொடிகாமத்திலிருந்து ஒருவர் தேங்காய் லொறியின் பின்கதவைத் தனியாகக் கழற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தார். கதவுக்கும் ரிக்கற் எடுத்தாராம்.

பக்கத்துத் தெருவில் குச்சி வெல்டிங் செய்கிற அண்ணை ஒருவர் இருந்தார். ஊரிலுள்ள வாசல் கேற் முழுவதும் அவருடைய கைவேலை. அவர் என் கராச் வாசலில் வந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்.

"தம்பி, உது வெல்டிங் இல்லை. உது பொம்பிளையளின்ரை ஊசி வேலை. பொருக்குத் தட்டாத வெல்டிங் ஒரு வெல்டிங்கே?"

"வேலை சுகமண்ணை."

"வேலை சுகமாயிருந்தா அதுக்குப் பேர் வேலையோ?" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையை விட்டுவிட்டு மேலும் அரை மணித்தியாலம் நிற்பார்.

இப்படியிருக்கையில்தான் கோயில் திருநாள் வந்தது. மாதாவின் சொரூபத்தை வைத்து ஊர் சுற்றிவருகிற வண்டிக்குக் கூடு என்று பெயர். அடியில் நாலு சில்லு. மேலே மெல்லிய குழாய்களை வளைத்துச் செய்த விதானம், அதன் உச்சியில் தகட்டு முடி. குழாய்களெல்லாம் கடற்காற்றில் இத்துப்போயிருந்தன. போன வருடம் அண்ணை அதைக் குச்சியால் ஒட்டப்போய், ஒட்டின இடத்தைவிட ஓட்டையான இடம் கூடிப்போக, கிறேப் கடதாசி சுற்றி மறைத்துத்தான் மாதா ஊர் சுற்றினா. கூட்டுக்குப் பொறுப்பு கோயில் மூப்பர். கோயில் மூப்பர் என் மாமா.

பங்குச் சுவாமியார்தான் பேச்சை எடுத்தார். "உங்கடை மருமகனிட்டை ஏதோ புது மெசின் இருக்காமே, மூப்பர்?"

மாமா கடலைப் பார்த்தபடி சொன்னாராம்: "சுவாமி சொன்னா நான் மறிக்கேல்லை. உவர் செய்யிறதெண்டாச் செய்யட்டும்."

வீட்டுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுவந்த என் மனைவியின் முகம் அன்று பார்க்க வேறு மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து ஒவ்வொரு திருநாளும் கூட்டுக்குப் பின்னால் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு சனத்தோடு சனமாகக் கடைசியில்தான் நடக்கிறாள்.

"இந்தமுறை நான் அப்பாவுக்குப் பக்கத்திலை நடக்கவேணும். நீங்களும் வரவேணும். அவர் ஒருக்கா உங்களோடை வாய் திறந்து கதைச்சாக் காணும், மிச்சம் எல்லாம் தானாச் சரிவரும். அவருக்கு முன்னாலை உந்தக் கனவை விட்டிட்டு ஒழுங்கா ஒட்டுங்கோ."

"ஒட்டாட்டில்?"

"ஒட்டாட்டில் ஊர் முழுக்கச் சிரிக்கும். மூப்பரின்ரை மருமகன் மாதாவின்ரை கூட்டைக் கெடுத்தான் எண்டு. அப்பா பிறகு சாகுமட்டும் நாயோடைதான் கதைப்பார்."

கொடி ஏறினால் திருநாள் வரைக்கும் கூடு கோயில் வளவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மாதா ஊரை விட்டுப் போகிறா என்று அர்த்தம். அதனால் மெசினும் சிலிண்டரும் கைவண்டியில் ஏறிக் கோயிலுக்குப் போயின. கோயில் கரையோரம், சோளகக் காற்று மணலையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வீசுகிற காலம். மிக்குக்கு ஒரே எதிரி காற்று. வாயு என்கிற துவாயைக் காற்று இழுத்துக்கொண்டு போனால் பிள்ளைக்குக் குளிர் பிடித்துவிடும். ஒட்டு முழுவதும் பொத்தல் பொத்தலாகிவிடும். எனவே கூட்டைப் பக்க மண்டபத்துக்குள் உருட்டிவிட்டு, நின்றவர்களிடம் சொன்னேன்:

"யன்னல் கதவெல்லாத்தையும் சாத்துங்கோ, சோளகம் அடிக்குது."

சாத்தினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சோளகத்துக்கு யன்னல் சாத்துவது குருநகரில் பிறந்த எவரும் செய்கிற காரியம். புழுதி வரும், அதனால் சாத்துவார்கள். நானும் காரணம் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கவேண்டியது மாமாவுக்கு. அவருக்குச் சொல்ல நாய் வேண்டும். அன்று நாய் வரவில்லை.

வேலை தொடங்கினேன். பின்னேர வெய்யில் ஓட்டின் மேல் நின்று எரிந்தது. மூடின மண்டபத்துக்குள் மெழுகுதிரியும் வியர்வையும் பழைய மரமும் மணத்தன. என் சேர்ட் முதுகோடு ஒட்டியது. முகமூடியை இறக்கினேன். இருட்டு. நட்சத்திரம். குளம்.

விசையை அழுத்தும்போதெல்லாம் கோயில் லைற் ஒருமுறை மங்கி மீளுமாம். சுவரோரம் நிற்கிற பழைய சொரூபங்களின் முகங்கள் நீலமாக விழித்து மறுபடி உறங்குமாம். மனைவி பிறகு சொன்னாள். நான் கண்டது குளத்தை மட்டும். அப்பளம் பொரிகிற மாதிரிச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் என் கழுத்தில் ஒரு குளிர்ச்சி பட்டது. மெல்ல, ஆறுதலாக, பின்னாலிருந்து ஆரோ ஊதுவதுபோல. வியர்வை காய்ந்தது. சைவக்காரன் என்றாலும் பாவமென்று மாதா இரங்கிவிட்டா போலும் என்று நினைத்தேன். பொரிகிற சத்தம் கொஞ்சம் கரகரத்து, வெடித்து வெடித்து வந்ததையும் கேட்டேன். கோயில் கரண்டுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்குள் வெங்காயத் தோட்டத்து வாய்க்கால் ஓடியது. அதில் நீந்திக்கொண்டிருந்தேன். கனவில் எனக்கு நல்லாய் நீந்தத் தெரியும்.

ஒரு பக்கத்து வளைவு முழுவதையும் முடித்துவிட்டு முகமூடியைத் தூக்கினேன்.

ஒட்டு முழுவதும் துளை. கறுத்துப் பொங்கி, புழு அரித்த கட்டைபோல இருந்தது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த குச்சி அண்ணை குனிந்து பார்த்தார். "தம்பி, உதென்ன, இடியப்ப உரலோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கிட்ட வந்து வளைவைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். அது கையோடு வந்தது. அவர் அதைப் பார்த்தார், பக்கத்துச் சுவரில் மெதுவாகச் சாத்திவைத்தார். மனைவி தன் கையிலிருந்த செபமாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிலிண்டரைப் பார்த்தேன், வாயு வந்துகொண்டிருந்தது. வாயுக் குழாயைப் பார்த்தேன்; ஓட்டை இல்லை. கூட்டின் குழாய்களில் துருப்பிடித்த கறள் நான் உரஞ்சித் துடைத்ததுதான். யன்னல்கள் சாத்தியபடியே. பிறகு திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

எனக்குப் பின்னால், சரியாக என் கழுத்தை நோக்கி, கோயிலின் பெரிய நிலத்து ஃபான் சுழன்றுகொண்டிருந்தது.

"ஆர் இதை..." என்று தொடங்கினேன். மனைவி என் கையைப் பிடித்தாள்.

"அப்பாதான்" என்றாள் மெதுவாக. "சுவாமியாரின்ரை அறையிலயிருந்து தன்ரை கையால தூக்கிக்கொண்டு வந்து வைச்சவர். உங்களுக்கு வேர்க்குதெண்டு. ஒருத்தரையும் பிடிக்க விடேல்லை."

அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனிதர் எனக்காகச் செய்த முதல் காரியம். அதுவே என் வேலையைக் கெடுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், மாதாவின் கூட்டைக் கெடுத்தவர் மூப்பர் என்று இவ்வளவு பேருக்கும் முன்னால் ஆகிவிடும். சொல்லாவிட்டால் ஃபான் சுழன்றபடியே இருக்கும். அடுத்த வளைவும் இடியப்ப உரல்தான்.

நிறைய வாசித்தவனுக்கு இந்த இடத்தில் ஏதாவது நல்ல வசனம் வந்திருக்கவேண்டும்.

"எனக்குக் குளிருது" என்றேன்.

ஓட்டுக்கு மேல் வெய்யில் கொதித்துக்கொண்டிருந்தது.

"குளிருதாமோ?" என்று மாமா மகளிடம் கேட்டார். "உவருக்குக் காய்ச்சலோ கேள். வேர்த்த உடம்பு. மலேரியாவும் உப்பிடித்தான் தொடங்கும். கொத்தமல்லி அவிச்சுக் குடுத்துப் படுக்க விடு."

"அதுதானே!" என்றார் அண்ணை சுறுசுறுப்பாக. "தம்பி வீட்டை போகட்டும். நான் போய் என்ரை குச்சியளை எடுத்துக்கொண்டு வாறன்."

அவர் வாசலுக்குத் திரும்பிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் கூடும் போய்விடும், எனக்குக் கொத்தமல்லியும் கிடைத்துவிடும். வேறு வழியில்லை. சுற்றிவரப் பார்த்தேன், நாய் இல்லை, அதனால் அவரிடமே சொன்னேன்.

"மாமா, காய்ச்சல் இல்லை. ஃபான்தான். இந்த வாயால ஒரு காஸ் வருது, அது உருகின இரும்பை மூடிக்கொண்டு நிக்கவேணும். காத்து வந்தா அது பறந்திடும். அதுக்குத்தான் யன்னலைச் சாத்தச் சொன்னனான். நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும்."

வாசலில் நின்ற அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப மூப்பர்தான் கெடுத்தவர்! நான் தம்பியையெல்லோ பேசினன்!"

மாமா ஃபானை நிற்பாட்டினார். வயரைச் சுற்றினார், நிதானமாக, வலைக் கயிறு சுற்றுவதுபோல ஒவ்வொரு சுற்றாக. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கதவு திறந்தபோது சோளகம் ஒருமுறை உள்ளே வந்து, மெழுகுதிரிகளைத் தலை குனியப் பண்ணிவிட்டுப் போனது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. சரி, இனி நாய் மூலம்கூடக் கதை இல்லை என்று நினைத்தேன்.

நான் உடைந்த வளைவை எடுத்து, துளை விழுந்த ஒட்டை அரத்தால் அராவிக்கொண்டிருந்தேன். அராவி முடிக்கும்போது கதவு மறுபடி திறந்தது. மாமா தோளில் ஒரு பழைய பாயைப் போட்டுக்கொண்டு வந்தார். படுக்கிற பாயல்ல, வள்ளத்துப் பாய். வெய்யிலிலும் உப்பிலும் வெளிறிப் பசுப்பால் நிறமாகிப்போன துணி. கதவுக்குக் கீழே காற்று நுழைகிற இடைவெளியை முதலில் அதன் ஒரு நுனியால் அடைத்தார். மற்ற நுனியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, எனக்கும் கதவுக்கும் நடுவே வந்து நின்றார். அண்ணையைப் பார்த்து, "உதிலை நிண்டு பல்லைக் காட்டாமல் மற்றப் பக்கத்தைப் பிடியும்" என்றார். அண்ணை பிடித்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். என்னைத்தான்.

"இப்ப ஒட்டு."

ஒட்டினேன். கதவுப் பக்கம் முழுவதும் பாய்த்துணி. முகமூடிக்குள் இருட்டு, நட்சத்திரம், குளம். வெளியே காற்று எங்கேயோ தூரத்தில் ஒரு பெரிய மிருகம்போல நடந்து திரிந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. அப்பளம் சீராகப் பொரிந்தது. ஒரு வளைவு முடிந்து தலையைத் தூக்கினபோது, பாய் முழுவதும் எங்கள் மூவரின் நிழல்களும் மறைய மனமில்லாமல் நிற்பதுபோல ஒரு கணம் தோன்றியது. வரிவரியாக மீன் செதில். மாமா கிட்ட வந்து, விரலால் தொடப்போய், சூடு பார்த்து, கையை எடுத்தார்.

"கொஞ்சம் கோணல்" என்றார்.

"ஓம் மாமா."

"அந்தத் தொங்கல் நுனியிலை காணாது. இன்னும் கொஞ்சம் வை."

"ஓம் மாமா."

"முகம் ஏன் வாடிக்கிடக்கு? சாப்பிடேல்லையோ?"

அன்றைக்குத் தொடங்கினவர்தான். இத்தனை காலமும் நாய் மட்டும் தாங்கிக்கொண்டிருந்த பாரம் எவ்வளவு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மற்றப் பக்கத்து வளைவு, தகட்டு முடி, சில்லின் அச்சு, என் தலைமயிர் வெட்டு, தெல்லிப்பழை வெங்காயம், வெளிநாட்டுச் சாப்பாடு என்று வேலை முடியும்வரை எல்லாவற்றிலும் ஒரு கோணல் கண்டுபிடித்தார்.

திருநாளன்று பின்னேரம் கூடு புறப்பட்டது. கிறேப் கடதாசி சுற்றவில்லை. வெள்ளைப் பூ மட்டும். வெய்யில் தணிந்து, கடல் தகடுபோல மினுங்கியது. தெருவெல்லாம் மெழுகுதிரி. மாதா மெல்ல அசைந்து அசைந்து, நித்திரையில் நடப்பதுபோல எங்களுக்கு முன்னால் போனா. நடுவில் என் மனைவி, வலது பக்கம் அவளுடைய தகப்பன், இடது பக்கம் நான். எல்லோரும் செபம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மாமா அவளுடைய தலைக்கு மேலால் என் பக்கம் எட்டினார்.

"அந்தப் பின்சில்லு கிரீச்செண்ணுது, கேக்குதோ?"

"கேக்குது மாமா."

"கிறீஸ் வைக்கேல்லையோ?"

"வைச்சனான்."

"காணாது. அடுத்தமுறை உந்தச் சில்லு நாலையும் மாத்தவேணும். உன்ரை மெசின் அதுக்குச் சரிவருமோ?"

"அது தடிப்பிரும்பு மாமா, அதுக்குக் குச்சிதான்..."

"இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு செபத்தைச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி, திரும்பிப் பாராமலே. ஒரு கையால் அவரையும் மறு கையால் என்னையும் பிடித்திருந்தாள்.

மாமா உடனே செபத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் செபம் தெரியாது. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நடந்தேன்.